வெயில் ஏறுமுன் தொடங்கும் ஆட்டம்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தால் போகையில் முதலில் எதிர்ப்படும் தீவு மண்டைதீவு. 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி அங்கே சர்வதேச கிரிக்கெட் மைதானம் ஒன்றின் கட்டுமானப் பணியை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தொடக்கிவைத்தார். வடக்கின் பிள்ளைகள் தங்கள் மண்ணிலேயே பெரிய ஆட்டம் ஒன்றைப் பார்க்கவும் ஆடவும் வழி பிறக்கிறது என்பது மகிழ்ச்சிக்குரியது. சதுப்பு நிலத்தைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் கேள்விகள் எழுந்தன. அவை கேட்கப்பட வேண்டியவைதான். ஆனால், அந்த மைதானத்தில் எத்தனை மணிக்கு ஆடுவது என்ற கேள்வி அவ்வளவாக எழவில்லை. மண்டைதீவு போன்ற தீவுகள் சேர்ந்த தீவகத்தில் விளையாட்டைப் பற்றிப் பேசும்போது முதலில் கேட்க வேண்டியது இதுதான் என்பது என் கருத்து. வெயிலில் ஆடுவது ஆபத்தாக முடிவதும் முடியாததும் ஆடுகிறவரின் மனத்திடத்தில் கொஞ்சமும், நேர அட்டவணை போடுகிறவரின் கையில் மிகுதியும் தங்கியிருக்கிறது. இதைக் கொல்ஃப் என்ற, தீவகத்தில் யாருமே ஆடாத ஒரு விளையாட்டிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். அந்த ஆட்டத்தின் வரலாற்றில் நமக்கு வேண்டிய பாடம் ஒன்று தெளிவாக இருக்கிறது.

கொல்ஃப் என்றதும் பசும்புல், குடை, மெதுவான நடை என்ற படம்தான் மனதில் எழும். இலங்கையில் அதைக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர். கொழும்பு கொல்ஃப் கழகம் 1879இல் தொடங்கியது. 1928இல் 'ரோயல்' பட்டம் பெற்றது. நுவரெலியாவின் கழகம் 1889இல், குளிர்ந்த மலையில் எழுந்தது. ஓட்டமோ பாய்ச்சலோ இல்லாத இந்த ஆட்டம் உடலுக்கு இலகுவானது என்று நினைப்பது தவறு. 18 குழிகளையும் ஆடி முடிக்க நான்கு மணி நேரமாவது பிடிக்கும். அதற்குள் ஆட்டக்காரர் எட்டு முதல் பத்துக் கிலோமீற்றர் வரை நடந்துவிடுவார். பையைத் தானே சுமந்தால் பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட பாரமும் சேரும். நிழல் மிகக் குறைவு. நூறு மீற்றர் ஓடுகிறவரின் உடல் சில விநாடிகள் மட்டுமே கொதிக்கிறது. கொல்ஃப் ஆடுகிறவரின் உடல் நான்கு மணி நேரம் சிறுகச் சிறுக வெப்பத்தைச் சேர்த்துக்கொள்கிறது. எவ்வளவு கடுமையாக உழைத்தோம் என்பதோடு எவ்வளவு நேரம் நின்றோம் என்பதையும் பெருக்கித்தான் வெப்பத்தின் கணக்கைப் போட வேண்டும். இந்தக் கணக்கை மறந்ததால்தான் 1964இல் அமெரிக்க ஓபன் போட்டியில் ஒருவர் சாவின் விளிம்புவரை போனார்.

அவர் கென் வென்சூரி. வாஷிங்டனுக்கு அருகிலுள்ள கொங்கிரஷனல் மைதானத்தில் அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் போட்டி நடந்தது. அக்காலத்தில் அமெரிக்க ஓபனின் கடைசி இரண்டு சுற்றுகளும் ஒரே நாளில் ஆடப்பட்டன. 18 குழிகள் காலையில், மறு 18 பிற்பகலில். வெப்பம் 38 பாகை செல்சியஸை ஒட்டியிருந்தது. காற்றில் ஈரப்பதனும் அதிகம். காலைச் சுற்றின் முடிவிலேயே வென்சூரிக்கு நடுக்கம் கண்டுவிட்டது. இடைவேளையில் பரிசோதித்த வைத்தியர், தொடர்ந்து ஆடினால் உயிருக்கே ஆபத்து என்று எச்சரித்தார். அவர் கேட்கவில்லை. பிற்பகல் முழுவதும் வைத்தியர் கூடவே நடந்தார். கையில் ஐஸ் பொதிகள், குளிர்ந்த தேநீர், உப்பு வில்லைகள். வென்சூரி வென்றார். பத்திரிகைகள் அதை வீரக்கதையாக எழுதின. ஆனால் போட்டியை நடத்தியவர்கள் அதோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து ஒரே நாளில் 36 குழிகள் என்ற வழக்கத்தைக் கைவிட்டு, நான்கு சுற்றுகளையும் நான்கு நாட்களுக்குப் பிரித்தார்கள். தொலைக்காட்சி ஒளிபரப்புக்கு அது வசதி என்பதும் ஒரு காரணம்தான். ஆனாலும் அதன் பிறகு அந்தப் போட்டியின் அட்டவணை எந்த வீரரையும் ஒரே நாள் வெயிலில் இரண்டு சுற்று நடக்கச் சொல்லவில்லை. வீரர் மாறவில்லை, வெயில் மாறவில்லை. அட்டவணை மாறியது.

இதற்கு எதிர்த் திசையில் நம் பக்கத்து ஊரிலேயே ஒரு உதாரணம் உண்டு. 1986 செப்டெம்பரில் சென்னை சேப்பாக்கத்தில் இந்தியாவும் அவுஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட், சமனில் முடிந்ததற்காக உலகப் புகழ் பெற்றது. அந்த ஆட்டத்தில் அவுஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் 210 ஓட்டங்கள் எடுத்தார். எட்டு மணி நேரத்துக்கு மேல் துடுப்பெடுத்தாடி, களத்திலேயே பலமுறை வாந்தி எடுத்து, ஆட்டமிழந்த பின் வைத்தியசாலையில் சேலைன் ஏற்றப்பட்ட நிலையில் கிடந்தார். வெளியேறப் பார்த்தவரை அணித்தலைவர் சீண்டி நிற்கவைத்த கதையை இன்றும் ரசித்துச் சொல்கிறார்கள். டீன் ஜோன்ஸின் ஆட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை; அது பெரிய ஆட்டம். ஆனால் அந்த நாளை நினைவுகூரும்போது நாம் கைதட்டுவது எதற்கு என்று யோசிக்க வேண்டும். வாந்தி, தசைப்பிடிப்பு, தள்ளாட்டம் ஆகியவை வைத்தியத்தில் உடல் தோற்கத் தொடங்கியதன் அறிகுறிகள். அதை வீரமென்று பாடமாக்கினால், அந்தப் பாடத்தைப் படிக்கிற பன்னிரண்டு வயதுப் பிள்ளை தலைசுற்றும்போது ஆசிரியரிடம் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடும்.

உடலுக்குள் நடப்பது இதுதான். தசை வேலை செய்யும்போது எரிகிற சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் அசைவாகிறது. மீதி முக்கால் பங்கும் வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற உடலுக்கு உள்ள பெரிய வழி வியர்வை. வியர்வை வழிந்து சொட்டினால் பயனில்லை. தோலில் இருந்து ஆவியாக வேண்டும். ஒரு லீற்றர் வியர்வை முழுமையாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகும். மண்பானையின் புறம் கசிந்து காற்றில் உலர்வதால் உள்ளிருக்கும் தண்ணீர் குளிர்கிறதல்லவா, அதே வேலைதான். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் பானையும் குளிராது, உடலும் குளிராது. சட்டை நனைந்து ஒட்டிக்கொள்ளும். உட்சூடு ஏறிக்கொண்டே போகும். 37 பாகையில் இருக்க வேண்டிய உடல் 40ஐத் தாண்டி, ஆள் குழம்பிப் பேசவோ தள்ளாடவோ தொடங்கினால் அது வெப்பத் தாக்கு, ஹீட் ஸ்ட்ரோக். மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாம் அந்தச் சூட்டில் பழுதாகும்.

தீவகத்தின் சிக்கல் இங்கேதான் வருகிறது. ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு என எங்கே நின்றாலும் கடல் பக்கத்தில். வெப்பமானி 33 என்று காட்டும்போது, உலர்ந்த உள்நாட்டு நகரமொன்றில் 38 காட்டுவதைவிட நம் நிலைமை மேல் என்று தோன்றும். அது ஏமாற்று. அந்த ஏமாற்றை நீக்கத்தான் அமெரிக்கக் கடற்படைப் பிரிவினர் 1950களில் ஒரு புதிய அளவைக் கண்டார்கள். தென் கரோலினாவின் பரிஸ் தீவில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் முகாம் ஒன்று இருக்கிறது. அதுவும் கடலோடு ஒட்டிய, சதுப்பான, ஈரக்காற்று வீசும் தீவு. பதினெட்டு, இருபது வயதுத் திடகாத்திரமான ஆண்கள் அங்கே வெப்பத்தில் சுருண்டு விழுந்தார்கள். யக்லோ, மினார்ட் என்ற இருவர் 1957இல் வெளியிட்ட முறையில், ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவுக்கு 70 வீதமும், வெயிலை வாங்கும் கறுப்புக் கோளத்தின் அளவுக்கு 20 வீதமும், சாதாரணக் காற்று வெப்பத்துக்கு வெறும் 10 வீதமும் இடம் கொடுக்கப்பட்டது. நாம் வானொலியில் கேட்கிற எண்ணுக்குப் பத்தில் ஒரு பங்குதான் மதிப்பு. இந்த அளவு ஒரு எல்லையைத் தாண்டினால் பயிற்சியை நிறுத்துவது என்று விதி செய்ததும் அங்கே வெப்பத்தால் விழுகிறவர்களின் தொகை குறைந்தது. சேர்ந்தவர்கள் அதே வயது, அதே உடல்வாகு.

இந்த அளவைத் தீவகத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஒரு சித்திரை மாதக் காலை ஏழு மணி. காற்று வெப்பம் 27 பாகை, ஈரப்பதன் 85 வீதம் என்று வைப்போம். ஈரத்துணி வெப்பமானி சுமார் 25 காட்டும். இளவெயிலில் கறுப்புக் கோளம் 30 இருக்கலாம். கூட்டிக் கணக்கிட்டால் 26 வருகிறது. அதே நாள் பிற்பகல் ஒரு மணிக்கு 33 பாகை, 65 வீத ஈரப்பதன் என்போம். ஈரத்துணி 27ஐத் தாண்டும். வெட்டவெளியில் கோளம் 45 வரை ஏறும். கணக்கு 31க்கு மேல் போகிறது. சர்வதேச உதைபந்தாட்ட சம்மேளனம் 32இல் ஆட்டத்தை இடைநிறுத்தித் தண்ணீர் குடிக்கவும் குளிரவும் நேரம் கொடுக்கச் சொல்கிறது. 2014 உலகக் கிண்ணத்தில் போர்தலேசா நகரில் நெதர்லாந்தும் மெக்சிக்கோவும் ஆடியபோது அப்படி நிறுத்தினார்கள். அது ஆண்டு முழுவதும் பயிற்சி எடுக்கும் தொழில்முறை வீரர்களுக்கான எல்லை. வகுப்பறையில் இருந்து நேராக மைதானத்துக்கு வரும் பிள்ளைக்கு எல்லை அதைவிடக் கீழே இருக்க வேண்டும். காலையில் ஈரப்பதன் வீதம் கூடத்தானே, பிறகு காலையில் ஆடி என்ன பயன் என்று சிலர் கேட்பதுண்டு. மேலே உள்ள கணக்கே அதற்குப் பதில். வீதம் கூடினாலும் காற்று குளிர்ந்திருப்பதால் மொத்தச் சுமை குறைவு. வெயிலும் இன்னும் ஏறவில்லை.

ஆனால் நமது நாட்காட்டி எப்படி அமைந்திருக்கிறது? தமிழ்ப் பாடசாலைகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் பெரும்பாலும் முதலாம் தவணையில், தை முதல் பங்குனி வரை நடக்கின்றன. அழைப்பிதழில் பிற்பகல் 1.30, 2 மணி என்று அச்சடிப்பது வழக்கம். தையிலும் மாசியிலும் வாடைக்காற்றின் மிச்சம் கொஞ்சம் உதவும். பங்குனி பிறந்ததும் காற்று தளர்ந்துவிடும். சோளகம் எழும்புவதற்கு வைகாசி வரை காத்திருக்க வேண்டும். இந்த இடைப்பட்ட இரண்டு மாதங்களிலும் கடல் கண்ணாடி போலக் கிடக்கும், புழுக்கம் நெஞ்சை அடைக்கும். சூரியனோ வடக்கே ஏறி வருகிறது. ஏப்ரல் 5 முதல் 14 வரையில் இலங்கைக்கு நேர் உச்சியில் சூரியன் நிற்கும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டுதோறும் அறிவிக்கிறது. தெற்கில் தொடங்கி வடக்கே நகர்ந்து, யாழ்ப்பாணத்தின் தலைக்குமேல் அது வருவது ஏறக்குறைய சித்திரைப் புத்தாண்டு நாளில். அன்றைய நண்பகல் 12.10 மணியளவில் நெடுந்தீவு வெட்டையில் நட்ட தடிக்கு நிழலே இராது. அதே நாட்களில்தான் ஊர்தோறும் புத்தாண்டு விளையாட்டு விழா: மரதன், சைக்கிளோட்டம், கயிறிழுத்தல், வழுக்கு மரம். ஆண்டின் மிகக் கூர்மையான வெயிலுக்கும் ஆண்டின் மிக உற்சாகமான விளையாட்டுகளுக்கும் நாமே நாள் பொருத்தி வைத்திருக்கிறோம்.

சூரியன் திரும்பும் வழியில் ஓகஸ்ட் கடைசியில் மீண்டும் யாழ்ப்பாணத்தின் உச்சிக்கு வரும். அது புலம்பெயர்ந்தோர் விடுமுறையில் ஊர் வரும் காலம். கனடாவிலும் இலண்டனிலும் சுவிற்சர்லாந்திலும் இருந்து வரும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர் புங்குடுதீவிலும் வேலணையிலும் பழைய மாணவர் அணிக்காக உதைபந்தும் கரப்பந்தும் ஆட இறங்குவார்கள். வெப்பத்துக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் எடுக்கும். அந்த நாட்களில் படிப்படியாக வெயிலில் உழைத்தால்தான் வியர்வை முந்திச் சுரக்கும், இரத்தத்தின் நீர்ப் பங்கு கூடும். வந்திறங்கிய மூன்றாம் நாள் மைதானத்தில் நிற்பவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. பிறந்த மண்ணின் வெயில் தன்னை ஒன்றும் செய்யாது என்று அவர் நம்புகிறார். வெளிநாட்டுக் குளிரில் சில வாரம் கழிந்தாலே அந்தப் பழக்கம் உடலை விட்டுப் போய்விடும் என்பதை யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும்.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். நம் முன்னோர் இந்த வெயிலில் உழைத்துத்தான் வாழ்ந்தார்கள். பனை ஏறினார்கள், துலா மிதித்தார்கள், கடலுக்குப் போனார்கள். இன்றைய பிள்ளைகளைப் பஞ்சில் பொத்தி வளர்க்கச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். அந்த முன்னோரின் நேரத்தைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். சீவல் தொழிலாளி பனையில் ஏறுவது விடியலிலும் மாலையிலும். புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் துலா மிதித்து இறைத்தவர்கள் நிலம் வெளுக்குமுன் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் கிணற்றடியை விட்டு வந்தார்கள். தீவக மீனவர் பலர் இரவில் வலை விட்டு விடியலில் கரை சேர்கிறார்கள். நண்பகலில் அவர்கள் செய்வது வலை திருத்துவது போன்ற நிழல் வேலை. வெயிலில் கிடப்பது கருவாடு. நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆனி மகோற்சவத்தில் ஆயிரக்கணக்கானோர் தோள்கொடுக்கும் மிகப் பாரமான வேலை தேர் இழுப்பு. அது காலைப் பொழுதில் நடக்கிறது. உச்சிப் பொழுது அன்னதான மண்டபத்துக்கும் தாகசாந்திப் பந்தலுக்கும் உரியது. முன்னோரை முன்னுதாரணமாகக் கொள்வதென்றால் அவர்களுடைய அட்டவணையைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். பிற்பகல் இரண்டு மணிக்கு அணிநடை வைப்பது முன்னோர் தந்த வழக்கம் அன்று. விருந்தினரின் வசதிக்காக ஏற்பட்டது அது.

அணிநடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனெனில் ஓடுகிறவரை விட நிற்கிறவர் சில வேளைகளில் அதிகம் துன்பப்படுகிறார். டோக்கியோ ஒலிம்பிக்கின் மகளிர் கொல்ஃப் 2021 ஓகஸ்டில் கசுமிகசெக்கி மைதானத்தில் நடந்தபோது, அமெரிக்க வீராங்கனை ஒருவரின் பையைச் சுமந்த உதவியாளர் வெப்பம் தாங்காமல் முதல் சுற்றின் இடையிலேயே விலகினார். பெயர் பலகையில் இருப்பவரை எல்லோரும் கவனிக்கிறார்கள். பாரம் சுமப்பவரை யாரும் கவனிப்பதில்லை. நம் மைதானங்களில் அந்த இடத்தில் இருப்பவர்கள் தடித்த சீருடையும் சப்பாத்தும் அணிந்த பான்ட் வாத்தியப் பிள்ளைகள், கொடி பிடித்து நிற்கும் சாரணர், வரிசையில் அசையாமல் நிறுத்தப்படும் சிறுவர்கள். பிரதம விருந்தினர் அரை மணி நேரம் பிந்தினால் அந்த அரை மணியும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. விருந்தினர் பந்தலுக்கு நிழல் போடுகிறோம். பிள்ளைகள் நிற்கும் பக்கத்துக்கும் அதே நீளத்தில் தறப்பாள் கட்டுவது பெரிய செலவில்லை. பேச்சுகளைக் குறைப்பதற்குச் செலவே இல்லை.

2024இன் தொடக்கத்தில் நாடெங்கும் வெப்பம் கூடியபோது, மாணவரை வெயிலில் விளையாட்டிலும் வெளிக்களச் செயற்பாடுகளிலும் ஈடுபடுத்த வேண்டாம் என்று கல்வி அமைச்சு பாடசாலைகளுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டு மார்ச்சில் கிழக்கில் பாடசாலை மரதன் ஒன்றில் ஓடிய மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அந்த மரணத்தின் முழுக் காரணத்தையும் வெயில் மீது மட்டும் போட நான் துணியமாட்டேன். ஆனால் எந்தப் பாடசாலை மரதனுக்கும் முன்னால், பாதையில் எங்கே தண்ணீர், எங்கே நிழல், யார் விழுந்தால் யார் முதலில் போவது என்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பதற்கு அது போதிய காரணம். அறிவுறுத்தல் அந்தந்த ஆண்டின் சூட்டோடு வருகிறது, மழையோடு மறக்கப்படுகிறது. நாட்காட்டி அச்சாகும் கார்த்திகை, மார்கழியிலேயே முடிவு எடுக்கப்பட வேண்டும்.

இரவில் ஆடினால் போயிற்று என்று சிலர் சுலபமாகச் சொல்வார்கள். மண்டைதீவு மைதானத்துக்கு ஒளிவிளக்குக் கோபுரங்கள் வந்தால் வெயில் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது அந்த நினைப்பு. 2019இல் கத்தாரின் டோஹாவில் உலக மெய்வல்லுநர் போட்டியின் மகளிர் மரதனை நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்னதாகத் தொடக்கினார்கள். வெயில் இல்லை. ஆனால் கடலோரத்து ஈரப்புழுக்கம் இருந்தது. 68 பேர் ஓடத் தொடங்கினார்கள், 40 பேர்தான் முடித்தார்கள். உலகின் மிகச் சிறந்த ஓட்டக்காரிகளின் நிலைமை அது. கடல் சூழ்ந்த நிலத்தில் இருள் மட்டும் பாதுகாப்பு ஆகாது. தரையும் கடலும் பகலில் வாங்கிய சூட்டை மெல்ல விட்டு, காற்று மிகக் குளிர்ந்திருக்கும் விடியல்தான் நம்பத்தக்கது. அதோடு விடியலுக்கு விளக்குக் கோபுரம் தேவையில்லை. சிறிய தீவுகளின் பாடசாலைகளுக்கு இது முக்கியமான விடயம்.

தண்ணீர் நிறையக் குடித்தால் போதும் என்பது இன்னொரு நம்பிக்கை. தண்ணீர் அவசியம், ஆனால் உடல் உண்டாக்கும் வெப்பம் வெளியேறும் வெப்பத்தைவிடக் கூடினால், வயிறு நிறையத் தண்ணீர் குடித்தவரும் வெப்பத் தாக்கில் விழுவார். அத்துடன் தீவகத்தில் தண்ணீரே எளிய விடயம் இல்லை. புங்குடுதீவிலும் நெடுந்தீவிலும் பல கிணறுகள் உவர்; கோடையில் குடிநீர் பவுசரிலும் சுத்திகரிப்பு நிலையங்களிலும் தங்கியிருக்கிறது. உவர்நீரைக் குடித்த பிள்ளைக்குத் தாகம் தீராது. மைதானத்துக்கு எத்தனை லீற்றர் நல்ல தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கணக்கு, பரிசுக் கிண்ணங்களின் கணக்குக்கு முன்னால் போடப்பட வேண்டும். நீண்ட நேரம் வியர்ப்பவருக்கு உப்பும் வேண்டும். வென்சூரிக்குக் கொடுத்த உப்பு வில்லைகளை இன்று பொதுவாகச் சிபாரிசு செய்வதில்லை. மோர், இளநீர், ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்த ஒரு பக்கெற் ஜீவனி ஆகியவை தாராளமாகப் போதும்.

எல்லாவற்றையும்விட நியாயமான மறுப்பு நெடுந்தீவிலிருந்துதான் வரும். குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நடுவரும் அதிகாரிகளும் காலைப் படகில் வந்து மாலைப் படகில் திரும்ப வேண்டும். அப்படியிருக்க அதிகாலையில் எப்படி ஆட்டம் தொடக்குவது? படகின் நேரம் மைதானத்தின் நேரத்தைத் தீர்மானிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அமெரிக்க ஓபன்காரர் செய்ததை இங்கேயும் செய்யலாம். ஒரே நாளில் திணிக்காமல், நீண்ட ஓட்டங்களையும் தகுதிகாண் சுற்றுகளையும் முந்திய நாட்களில் காலை 6.30க்கும் 9க்கும் இடையில் பாடசாலை ஆசிரியர்களே நடத்தி முடிக்கலாம். விருந்தினர் வரும் நாளுக்குக் குறுகிய ஓட்டங்களும் பரிசளிப்பும் போதும், அவையும் வெயில் சாய்ந்த பிறகு. நடுவர்கள் முதல் நாள் மாலையே வந்து தங்க வேண்டியிருந்தால் அவர்களுக்குச் சோறும் பாயும் கொடுக்க நெடுந்தீவில் வீடுகளுக்குக் குறைவில்லை.

படகைப் பற்றிய அதே உண்மை, அட்டவணையை மாற்றியே ஆக வேண்டும் என்பதற்கும் சாட்சி சொல்கிறது. வெப்பத் தாக்கில் விழுந்தவரின் உட்சூட்டை அரை மணி நேரத்துக்குள் இறக்கினால் பிழைப்பார் என்பது விளையாட்டு வைத்தியத்தின் அனுபவம். நெடுந்தீவிலிருந்து யாழ். போதனா வைத்தியசாலைக்குப் படகும், பிறகு புங்குடுதீவு, வேலணை வழியே நீண்ட தரைப் பயணமும் சேர்ந்தால் இரண்டு மணி நேரமாவது ஆகும். ஆகவே முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் ஏற்ற வேண்டும். இதற்கு வேண்டிய பொருள்கள் மீன்பிடிக் கரைகளில் கிடைப்பவைதான்: ஒரு பெரிய தறப்பாள், றெஜிபோம் பெட்டியில் ஐஸ், கிணற்றுத் தண்ணீர். விழுந்தவரைத் தறப்பாளின் நடுவில் கிடத்தி, ஆறேழு பேர் சுற்றிவர விளிம்பைத் தூக்கிப் பிடித்தால் அது தொட்டியாகிவிடும். தலையை ஒருவர் நீருக்கு மேலே தாங்கிக்கொள்ள, ஐஸும் தண்ணீரும் ஊற்றி, விளிம்பை மெல்ல அசைத்து நீர் உடலெங்கும் ஓடும்படி செய்ய வேண்டும். நினைவு குழம்பியவருக்கு வாயால் எதுவும் பருக்கக் கூடாது. கிணற்றுத் தண்ணீர் உவரானாலும் உடலைக் குளிர்விக்க உதவும். நெடுந்தீவு வைத்தியசாலையின் தாதியரோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ வந்து ஒரு மாலை நேரத்தில் செய்துகாட்டினால் உடற்கல்வி ஆசிரியரும் மூத்த மாணவரும் இதைக் கற்றுக்கொள்வார்கள். மண்டைதீவின் புதிய மைதானத்துக்கு வரைபடம் போடுகிறவர்களும் பார்வையாளர் கூடாரத்துக்கு முன்பே இப்படியான ஒரு குளிர்த்தொட்டிக்கும், எல்லைக் கோட்டுக்கு வெளியே நிழல் தரும் மரவரிசைக்கும் இடம் ஒதுக்கட்டும். மரம் வளரப் பத்து ஆண்டுகள் வேண்டும். அதை நடுவதற்குக் கட்டடம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.